சிவப்புக் காலுறை போட்ட கிளாரினெட்

எங்கள் க்ரைன்பாக்கில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் தலைக்குள் ரோஸ்விதா லெஃப்லரின் குரல் இன்னும் குடியிருக்கிறது. "கண்ணாடியப் பாரு. உன் மூஞ்சியப் பாக்கச் சொல்லல, பின்னால வர்ற லாரியப் பாரு." வெர்ரா ஆற்றுப் பாலத்துக்குத் திரும்பும் முனையில் உள்ளூர் வண்டிகள் மட்டும் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் போகும். பின்னால் வரும் வெளியூர்க்காரன் ஹாரன் அடிப்பான். அந்த முனையில் எத்தனை பேர் அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்.

கிழக்கு ஜெர்மனியின் வார்ட்பர்க் கார் காலத்தில் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தவள். நாடு மாறியது, கார் மாறியது, சாலை விதிகள்கூட மாறின. அவள் உட்காரும் இடம் மட்டும் மாறவில்லை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை, காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக். அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு, எப்போது மிதிக்க வேண்டிவரும் என்று காலைத் தயாராக வைத்திருப்பதுதான் அவள் பிழைப்பு. அது எலும்போடு ஊறிப்போய், ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனால் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். கணவர் ஹார்ட்முட் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

எங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ராவிலும் அவளுக்கு அதே மாதிரி இடம்தான் வாய்த்தது. இரண்டாவது கிளாரினெட். முதல் கிளாரினெட் லோதார் க்யூன், அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவன். முதல் கிளாரினெட் பாடும், இரண்டாவது தாங்கும். மெட்டு முழுக்க அவனுக்கு. அதன் அடியில் நிதானமாக நடந்து போகும் நீளமான சுரங்கள் அவளுக்கு. அவன் மூச்சு எங்கே தீரும், எந்தச் சுரத்தை எட்டும்போது சுருதியில் கொஞ்சம் ஏறிவிடுவான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவன் ஏறினால் இவளும் கூடவே ஏறி, தப்பே நடக்காத மாதிரி காட்டிவிடுவாள். இதைக் கேட்டுக் கைதட்ட எந்த ஊரிலும் ஆள் கிடையாது.

லோதார் புகைபோக்கி சுத்தம் செய்கிறவன். கறுப்புச் சட்டை, பித்தளைப் பொத்தான், தோளில் தூரிகைச் சுருள். வழியில் அவனைப் பார்ப்பவர்கள் அதிர்ஷ்டத்துக்காக ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டுப் போவார்கள். கச்சேரி நாளில் கறுப்புக் கோட்டின் உள்பக்கம் ஒரு பித்தளைப் பொத்தானைத் தைத்துக்கொண்டு வருவான். மேடை ஏறுமுன் ஆர்கெஸ்ட்ராவே வரிசையாக வந்து தொடும். ரோஸ்விதா மட்டும் தொட்டதில்லை. "ரெண்டாவது கிளாரினெட்டுக்கு எதுக்குடா அதிர்ஷ்டம்? முதல்ல ஒருத்தன் உருப்படியா ஊதினா போதும்" என்பாள்.

அவளிடம்தான் அவனும் கார் ஓட்டப் பழகினான், அதுவும் முப்பது வயதுக்கு மேல். நான்கு மாடிக் கூரையின் விளிம்பில் நின்று சாவகாசமாக ரொட்டி தின்கிறவனுக்கு, மூன்றாவது கியர் போடச் சொன்னால் வியர்த்துக் கொட்டும். அப்படிப்பட்டவர்களுக்கென்று அவளிடம் ஒரு தந்திரம் இருந்தது. நன்றாக ஓட்டத் தெரிந்தும் பயத்திலேயே சாகிறவர்களை மலைச்சாலைக்குக் கூட்டிப் போவாள். இறக்கம் தொடங்கும் இடத்தில், "ஐயோ, கால் புடிச்சுக்கிச்சு, அசைக்கவே முடியல. இனிமே நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லி இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொள்வாள். வேறு வழியில்லாமல் அவர்கள் ஓட்டுவார்கள். கீழே பெட்ரோல் பங்க் வந்ததும் அவள் கால் சரியாகிவிடும். லோதார் அப்படித்தான் இறங்கினான், வழியெல்லாம் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே.

இனி பிராம்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். கிளாரினெட் வாசிக்கிற நாலு பேரைக் கூப்பிட்டு, பிராம்ஸின் நான்கு சிம்பொனிகளில் எது உசத்தி என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு வேறு வேலை நடக்காது. வேறு யாரோ எழுதியதென்றால் மரியாதையாகப் பேசுவார்கள். பிராம்ஸ் என்றால் சொந்த மாமாவைப் பற்றிப் பேசுகிற உரிமை வந்துவிடும். எங்கள் ஊரில் அந்த உரிமை கொஞ்சம் கூடுதல். அந்த மனிதர் அடிக்கடி வந்து தங்கிய மைனிங்கன் எங்களுக்கு ரயிலில் இரண்டே நிலையம் தள்ளி. ஜன்னல் வழியாக எங்கள் தேவாலயக் கோபுரத்தைக் கட்டாயம் பார்த்திருப்பார் என்று ஊரே நம்புகிறது. தூங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், பீர் கிடைக்காது.

லோதார் முதல் சிம்பொனி கட்சி. அதில் மூன்றாம் பகுதியைத் தொடங்கி வைப்பதே கிளாரினெட்தான். "கதவத் தெறந்து விடுறதே நாமதான், ரோஸி. மத்தவங்க எல்லாம் நமக்குப் பின்னாலதான் உள்ள வரணும்."

"அது ஒரு குட்டி நடை. வெளிய போயிட்டு வர்ற மாதிரி. நாலாவதையாச்சும் சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன்" என்பாள் ரோஸ்விதா.

"ரெண்டாவது?"

"ரெண்டாவதுல ஓபோ ஊதுறவங்களுக்குத்தான் கொண்டாட்டம். அவங்களுக்கு ஏற்கெனவே தலைக்கனம்."

அவளுடைய உயிர் மூன்றாவது சிம்பொனியில் இருந்தது, அதுவும் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில். ஆர்ப்பாட்டமான முதல் பகுதி அடங்கி, எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, கிளாரினெட் தாழ்ந்த குரலில் ஒரு மெட்டை ஆரம்பிக்கும். கூட்டத்துக்குப் பாடுகிற பாட்டாக இருக்காது. சமையலறையில் கை வேலையாக இருக்கும்போது ஒருத்தி தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி இருக்கும். ஆர்கெஸ்ட்ராவில் சேர்வதற்கு முன்பே ரோஸ்விதா அதைப் பழகிவிட்டாள். தினமும் மாலையில் கராஜுக்குப் போவாள். பயிற்சிக் காரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மெட்டை ஒரு தரம் வாசித்துவிட்டுத்தான் சாப்பிட வருவாள். ஏன் பக்கத்து இருக்கை என்று கேட்டால், "கால் அங்கதான் சும்மா இருக்கும்" என்பாள். அந்தச் சத்தம் கேட்டால் ஹார்ட்முட் அடுப்பில் சூப்பை வைப்பார். அவருக்கு இசையும் தெரியாது, பிராம்ஸும் தெரியாது. சூப்பு நேரம் தெரியும்.

ஆர்கெஸ்ட்ரா ஆண்டுக்கு ஒரு சிம்பொனிதான் போடும். எது என்பதை ஜனவரி விருந்தில் முடிவு செய்வோம். உருளைக்கிழங்கு உருண்டையும் மாட்டிறைச்சிக் குழம்பும் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஓட்டெடுப்பு நடந்துவிட வேண்டும், கையைத் தூக்காமல் முள்கரண்டியைத் தூக்க வேண்டும் என்பது வழக்கம். முள்கரண்டியில் உருண்டை குத்தியிருந்தால் கள்ள ஓட்டு. ஒவ்வொரு ஆண்டும் ரோஸ்விதா பிராம்ஸின் மூன்றாவது என்று சொல்வாள், ஒவ்வொரு ஆண்டும் தோற்பாள். எதிர்க்கட்சித் தலைவன் உவே, ரொட்டிக்கடைக்காரன், டூபா என்ற பெரிய பித்தளைக் குழல் வாசிக்கிறவன். அந்த சிம்பொனியில் டூபாவே கிடையாது. "நான் என்ன, ஒங்க கோட்டுக்குக் காவலா?" என்று கேட்டு, பித்தளை வாத்தியக்காரர்கள் அத்தனை பேரையும் டூபாவுக்கு வேலை வைக்கிற புருக்னர் பக்கம் இழுத்துவிடுவான்.

ஆண்டுதோறும் தோற்கும் தைரியத்தில் லோதாரும் ஒரு வாக்குக் கொடுத்துவைத்திருந்தான். அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாளன்று பழச் சாராயம் இரண்டு சுற்று போனபிறகு, நாற்காலி மேல் ஏறி நின்று, "மூணாவது என்னிக்காவது ஜெயிச்சா, அந்த ரெண்டாம் பகுதிய ரோஸிதான் வாசிப்பா. நான் கீழ நின்னு தாங்குறேன்" என்று ஊரறியச் சொன்னான்.

அந்த ஜனவரியில் அது ஜெயித்தே விட்டது. ரோஸ்விதா தோரணையை மாற்றியிருந்தாள். உவேயின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் தட்டில் இன்னொரு உருண்டையை வைத்து, "டூபா இல்லன்னா என்ன அர்த்தம் தெரியுமா, உவே? கச்சேரி அன்னிக்கு நீ கீழ உக்காந்து கேக்கலாம். பொண்டாட்டி பக்கத்துல. காலர் பட்டன் போடாம. முன்னாடியே ரெண்டு பீர் குடிச்சிட்டு" என்றாள்.

உவே மென்றுகொண்டே யோசித்தான். அவன் வாழ்க்கையில் இப்படி ஒரு கோணத்தில் யாரும் விஷயத்தை வைத்ததில்லை.

"ரெண்டுதானா?" என்று கேட்டுவிட்டு முள்கரண்டியைத் தூக்கினான். செல்லோக்காரர்கள் மூன்றாம் பகுதியின் மெட்டுக்கு ஆசைப்பட்டு ஏற்கெனவே அவள் பக்கம். கூடம் முழுக்க முள்கரண்டி மினுங்கியது. ரோஸ்விதா எழுந்து உவேயின் வழுக்கை மண்டையில் முத்தம் கொடுத்தாள். லோதாரும் எழுந்து, சாராயம் குடிக்காமலே, "சொன்ன சொல் சொன்னதுதான்" என்றான். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

அந்த நிமிடத்திலிருந்து அவளுக்குச் சனி பிடித்தது. ஆசைப்பட்ட பொருள் கிடைக்காதவரை அவளைப் போல வீராங்கனை கிடையாது. கைக்கு வந்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முதல் ஒத்திகையில் லோதார் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவள் ஃப்ரீடா, பள்ளிக்கூடத்து இசை ஆசிரியை. அவளும் ரோஸ்விதாவிடம்தான் ஓட்டக் கற்றாள், இரண்டு தடவை தேர்வில் தோற்றவள். சிவப்பு விளக்கையும் அவசரமாகக் கடக்கப் பார்ப்பாள். அவள் கோலைத் தூக்கினாள். ரோஸ்விதா மூச்சை இழுத்தாள். கராஜில் ஆயிரம் தரம் வந்த முதல் சுரம் வந்தது. இரண்டாவதும் வந்தது. அதற்குமேல், எல்லாரும் தன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்தது. கிளாரினெட், வாலை மிதிபட்ட பூனை மாதிரி ஒரு கீச்சல் போட்டது.

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில், எந்த ஆர்கெஸ்ட்ராவிலும்தான், ஒத்திகையில் ஒருவர் நன்றாக வாசித்தால் கைதட்ட மாட்டோம். கையில் வாத்தியம் இருக்கும். செருப்புக் காலைத் தரையில் உரசுவோம். சர்ர் சர்ர் என்று அந்தச் சத்தம் வந்தால் வாசித்தவருக்கு ஒரு வாரம் சாப்பாடே வேண்டாம். அன்றைக்கு ஒரு கால்கூட அசையவில்லை. இரக்கத்தோடு அசையாமல் இருந்த அத்தனை காலையும் ரோஸ்விதா பார்த்தாள். அதுதான் அவளைக் கொன்றது.

"இன்னொரு தரம், திருமதி லெஃப்லர்?" என்றாள் ஃப்ரீடா.

"வேண்டாம்" என்று எழுந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "லோதார், நீயே வாசி. எனக்கு ரெண்டாவதுதான் ராசி."

"ஒரு கீச்சலுக்காகவா? நான் கீச்சினத எல்லாம் அடுக்குனா ஆத்துக்குக் குறுக்கப் பாலமே கட்டலாம்."

"உனக்குத் தோல் தடிமன். விடுடா."

மறுநாள் காலையில் ரொட்டிக்கடையில் உவே ரொட்டியை நீட்டிக்கொண்டே, "பரவால்ல ரோஸ்விதா, பூனைக்கும் பிராம்ஸ் புடிக்கும்" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டாள்.

அதன்பிறகு யார் சொல்லியும் அவள் அசையவில்லை. லோதார் கெஞ்சினான், கேலி செய்தான், ஒருநாள் கூரைமேல் நின்றுகொண்டு தெருவில் போன அவளைப் பார்த்துக் கத்தியும் பார்த்தான். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் மாலையில் கராஜ் கதவு சாத்தப்படுவது நிற்கவில்லை. ஒருநாள் வாசித்து முடித்துவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷம் எதற்காகக் காத்திருந்தாளோ அது வாசல்வரை வந்து நின்றபோது, தானே கதவைச் சாத்திவிட்டாள். இன்னொரு தரம் வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். உவே ஒரு தடவைதான் ஏமாறுவான். சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. ஹார்ட்முட் வந்து கூப்பிடவில்லை. மறுபடியும் சூடு பண்ணினார்.

கச்சேரி நவம்பரில், ஞாயிறு பிற்பகலில், எங்கள் பழைய தேவாலயத்தில். அந்தக் கட்டடத்தில் குளிர்காலம் செப்டம்பரிலேயே குடிவந்துவிடும். கிளாரினெட்காரர்களுக்கு அங்கே இரட்டைத் தொல்லை. ஆளுக்கு இரண்டு கிளாரினெட் வைத்திருக்க வேண்டும், ஒன்று கொஞ்சம் நீளம், ஒன்று கொஞ்சம் குட்டை. இரண்டுக்கும் அரைச்சுருதி வித்தியாசம். சில இடங்களுக்கு நெட்டை, சில இடங்களுக்குக் குட்டை என்று எழுதியவரே சொல்லியிருப்பார். ஊதும் முனை ஒன்றுதான், அதைக் கழற்றி மாற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். சும்மா நிற்கிற வாத்தியம் குளிரில் விறைத்துச் சுருதி இறங்கிவிடும். அதற்காக ரோஸ்விதா கம்பளிக் காலுறைகள் பின்னியிருந்தாள். நெட்டைக்குச் சிவப்பு, குட்டைக்குப் பச்சை, தனக்கு ஒரு ஜோடி, லோதாருக்கு ஒரு ஜோடி. எது சும்மா இருக்கிறதோ அது தன் காலுறையைப் போட்டுக்கொண்டு பொறுமையாக நிற்கும்.

மேடைக்குப் பின்னால் எல்லோரும் லோதாரின் பொத்தானைத் தொட்டார்கள். அவன் கோட்டை விரித்து ரோஸ்விதாவின் முன்னால் வந்து நின்றான்.

"இன்னிக்காவது தொட்டுக்கோயேன்."

"ரெண்டாவது கிளாரினெட்டுக்கு எதுக்குடா?"

"உன் இஷ்டம்" என்று சிரித்தான். அவன் சிரிப்பில் என்னவோ இருந்தது. அவளுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

முதல் பகுதி நன்றாகவே போனது. குட்டையில் தொடங்கினார்கள், நடுவில் நெட்டைக்கு மாறினார்கள், கடைசியில் குட்டைக்குத் திரும்பினார்கள். எல்லாம் ஒழுங்கு. சத்தம் அடங்கியது. ஜனங்கள் இருமினார்கள், மூக்கைச் சிந்தினார்கள். முன்வரிசையில் உவே காலர் பட்டனைத் திறந்துவிட்டு மன்னர் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் ஹார்ட்முட் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தார். ரோஸ்விதா மடியில் இருந்த குட்டையைத் துடைத்து, மூச்சை அதற்குள் விட்டுச் சூடு பண்ணினாள். ஃப்ரீடா கோலைத் தூக்கினாள்.

வழக்கமான ஜாக்கிரதையில் ரோஸ்விதாவின் கண் பக்கத்து நாற்காலிக்குப் போனது. லோதார் வாத்தியத்தை உதட்டில் வைத்திருந்தான். அது கொஞ்சம் நீளமாக இருந்தது.

நெட்டை.

இரண்டாம் பகுதிக்குக் குட்டை. நெட்டையை வைத்து முதல் சுரத்தை ஊதினால், கூடவே ஊதும் பஸ்ஸூனும் கிளாரினெட்டும் சந்தையில் சண்டை போடுகிற மாதிரி கேட்கும். தேவாலயம் முழுக்க ஊர். அவன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான். யோசிக்க ஒன்றுமில்லை, அவள் யோசிக்கவும் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பழகிய வலது கால் எழுந்து, தடித்த குதிகாலோடு, லோதாரின் இடது பாதத்தின் மேல் முழு பலத்தோடு பிரேக் அடித்தது.

லோதார் நின்றுவிட்டான். கண்ணில் நீர் முட்ட அவளைப் பார்த்தான். நெட்டையைத் தூக்கிக் காட்டினான். தோளைக் குலுக்கினான்.

ஃப்ரீடாவின் கோல் இன்னும் உயரத்திலேயே இருந்தது. எதற்கும் காத்திருக்காத பெண், அன்றைக்கு ரோஸ்விதாவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு கோல் இறங்கியது.

யாராவது வாசித்தாக வேண்டும். சரியான வாத்தியம் இருந்தது அவள் கையில்தான். பயப்படக்கூட அவகாசம் இல்லை. ரோஸ்விதா வாசித்தாள்.

கராஜில் வாசிப்பது மாதிரியே வாசித்தாள். கண்ணாடிக்கு வெளியே யாரும் இல்லாத மாதிரி. முதல் சுரம், இரண்டாவது, பிறகு அந்தச் சின்ன ஏற்றம். கீச்சல் போட்ட இடம் வந்தது, போனது. அது போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தபோது மெட்டு பாதியைத் தாண்டியிருந்தது. அடியில், மிக மெதுவாக, அவளுடைய பழைய நீளச் சுரங்கள் வந்து சேர்ந்துகொண்டன. லோதார் வாத்தியத்தை மாற்றிவிட்டு, இரண்டாவது கிளாரினெட்டின் வரிகளைத் தாளைப் பார்க்காமலே வாசித்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு இடத்தில் கொஞ்சம் ஏறினாள். அவனும் கூடவே ஏறினான். தப்பே நடக்காத மாதிரி ஆகிவிட்டது. இப்படி ஒருவர் கீழே நின்று தாங்குவது என்ன சுகம் என்று ரோஸ்விதாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்து அவனைத் திரும்பிப் பார்த்தாள். நல்லவேளை, அது வயலின்கள் வாங்கிக்கொள்கிற இடம்.

அந்தப் பகுதி முடிந்தது. பிறகு மேடைப் பலகையில் எங்கோ ஒரு செருப்பு உரசியது. செல்லோக்காரர்களில் ஒருவர். அடுத்து ஓபோ, தலைக்கனம் பிடித்த அந்த ஓபோவே. சர்ர் சர்ர் என்று மேடை முழுக்கப் பரவியது. எலி புகுந்துவிட்டதோ என்று சில பேர் கீழே குனிந்து பார்த்தார்கள். முன்வரிசையில் உவே, டூபா இல்லாத உவே, தன் பெரிய பூட்ஸை எடுத்துக் கல் தரையில் தேய்த்தான். லோதார் ஒரு காலை மட்டும் உரசினான்.

கச்சேரி முடிந்ததும் பக்கத்துக் கூடத்தில் காப்பியும் ப்ளம்ஸ் கேக்கும். ஹார்ட்முட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நல்லாத் தூங்கிட்டிருந்தேன் ரோஸி. திடீர்னு ஒன் சத்தம். வீட்டுல இருக்கேன், சூப்ப வைக்கணும்னு நெனச்சு எந்திரிச்சிட்டேன். பாத்தா எல்லாரும் வாயத் தெறந்துகிட்டு ஒன்னையே கேக்குறாங்க." அவள் கையிலிருந்த கேக்கில் பாதியைப் பிடுங்கித் தின்றார்.

லோதார் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து இடது பூட்ஸைக் கழற்றியிருந்தான். பாதம் உப்பியிருந்தது. ரோஸ்விதா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவனுடைய வாத்தியப் பெட்டி திறந்து கிடந்தது, மேலே சிவப்புக் காலுறை. அதன்மேல் சேறு படிந்த ஒரு குதிகால் அச்சு. அவளுடைய குதிகால்.

"மன்னிச்சுக்கோடா. பழக்கதோஷம். ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டபடி காலுறையை எடுத்துத் தட்டினாள். கை பாதியில் நின்றது.

சிவப்பு, நெட்டையுடையது. கடைசியில் குட்டைக்குத் திரும்பியபோது அவன் அதை நெட்டைக்கு மாட்டிவிட்டதை அவளே பார்த்தாள். முதல் பகுதி முடியும்போது அவன் கையில் இருந்தது குட்டை, சரியான குட்டை. அதை வைத்துவிட்டு, சிவப்பைக் கழற்றித் தன் கால்மேல் விழவிட்டு, நெட்டையை எடுத்திருந்தால்தான் அது அவள் குதிகாலுக்கு அடியில் வந்திருக்க முடியும். சும்மா இருந்த வாத்தியத்தைக் காலுறை கழற்றி எடுப்பது மறதியில் நடக்கிற காரியமா?

"லோதார்."

"ம்."

"ஒனக்கு மறதி ஒண்ணும் வரல."

அவன் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லார் முன்னாலயும், கச்சேரியில! நான் வாசிக்காம விட்டிருந்தா?"

"அந்த மெட்ட நெட்டையில வாசிக்க ஒரு மாசமாப் பழகி வெச்சிருந்தேன். ஒரு சுரமும் பிசகியிருக்காது. ஃப்ரீடாகிட்ட மட்டும் சொல்லியிருந்தேன். நீ எடுக்கலன்னா நான் எடுத்துக்குவேன்னு."

"பின்ன எங்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா ஓட்டுவியா? மலைச்சாலையில நீ எங்கிட்டச் சொன்னியா?" லோதார் வீங்கிய பாதத்தை மெல்ல உயர்த்திப் பெஞ்சின்மேல் வைத்தான். "ஐயோ, கால் புடிச்சுக்கிச்சு, இனிமே நீதான் பாத்துக்கணும்னு சொன்ன. அன்னிக்கு ஒனக்குக் கால் புடிக்கவே இல்லங்கறது பெட்ரோல் பங்குலயே எனக்குத் தெரியும். என்ன, ஒன்னோடது பொய். என்னோடத நீயே நெசமாக்கிட்ட."

ரோஸ்விதா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. சிவப்புக் காலுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் கோட்டை விலக்கி, உள்ளே தைத்திருந்த பித்தளைப் பொத்தானை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்கு? கச்சேரிதான் முடிஞ்சிருச்சே" என்றான் லோதார்.

"வாய மூடிட்டு இரு."

இடது காலால் கிளட்சை மிதிக்க அவனால் முடியவில்லை. ஆகவே அவள்தான் பயிற்சிக் காரில் அவனை வீட்டில் விட வேண்டியிருந்தது. ஹார்ட்முட் பின்னால், இரண்டு வாத்தியப் பெட்டிகளோடு. லோதார் பக்கத்து இருக்கையில், அவளுடைய இடத்தில். ரோஸ்விதா வெகுகாலத்துக்குப் பிறகு அந்தக் காரை ஓட்டினாள். கொஞ்சம் வேகமாகவே ஓட்டினாள், அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டு. பாலத்து முனை வந்தது.

"கண்ணாடியப் பாரு" என்றான் லோதார். அவனுடைய நல்ல கால் அங்கிருந்த பிரேக்கை நோக்கி நகர்ந்தது.

"அத மிதிச்சே," என்றாள் ரோஸ்விதா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தக் காலும் போயிரும்."